முன்குடுமி மாமா

எனக்குக் காது குத்தும் நாள் நெருங்க நெருங்க, மாமா வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடி இல்லையென்றால் குத்தும் இல்லை என்பது என் கணக்கு. பெரியவர்களும் அவர் வருவதை நினைத்துத்தான் கவலைப்பட்டார்கள். அது வேறு கவலை.

மாமா குமுளியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முதலில் மலைக்கு வேலைக்குப் போன நம் பக்கத்துக் கூலிகள் மட்டும் வந்து அரை வயிறு சாப்பிட்டுப் போனார்கள், கடை படுத்துவிட்டது. பிறகு மாமா மலையாளம் பேசினார், தேங்காயெண்ணெயில் தாளித்தார், பின்குடுமியை எடுத்துவிட்டு மலையாளத்தாரைப் போல முன்குடுமி வைத்துக்கொண்டார். எஸ்டேட் கணக்கப்பிள்ளைகளும் வண்டிக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். மாமாவிடமிருந்து பொங்கலுக்குச் சேலையும் வேட்டியும் வந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அவற்றைக் கட்டிக்கொள்ள மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லை.

குலசாமி கோயிலில் அவர் வந்து இறங்கியதும் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மலையாளத்தான் மடியில நம்ம புள்ளைய உக்கார வச்சா சொந்தபந்தம் சிரிக்கும். வேற ஆளப் பாருங்க."

அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத் திருப்பி அனுப்பினால் அவளுக்குப் பிறந்த வீடே அற்றுப்போகும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எனக்கு மொட்டை போட்டுவிட்டுக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த நாவிதர் முன்னால் மாமா போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். முடி முழுக்க இறங்கியதும் சந்தனத்தை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தார்.

"இப்பச் சொல்லுங்க மச்சான், இது எந்தச் சீமைத் தலை?"

பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே, ஆசாரியக் கூப்பிடுங்கடா" என்றார். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததைப் போல அம்மா பெரிதாகக் குலவையிட்டாள். நான் போட்ட அலறல் அதில் யாருக்கும் கேட்கவில்லை.

பந்தியெல்லாம் முடிந்து மாமா புறப்படும்போது, அம்மா அவர் தலையைத் தடவித் தடவி அழுதாள்.

"முடி வளர்றவரைக்கும் அங்கன என்னப்பா செய்வ?"

"பாண்டிக்காரன் கடைன்னு கொஞ்ச நாள் மலையாளத்தான் ஒருத்தனும் வரமாட்டான். போகட்டும் விடுக்கா. மொத வருசமும் அப்படித்தான இருந்துச்சு."

காது குத்தியது எனக்கு. அம்மா தடவியது என்னவோ மாமா தலையைத்தான். அந்தக் கோபத்தில் ஊர் வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.