ஒத்த மோட்டாரும் ரோட்டுக் கயிறும்

அந்தக் கூத்தக் கேளு அம்மிணி, ஒத்த மோட்டார வெச்சுக்கிட்டு பந்தயம் ஓட்ட வந்தான் ஒரு துரை! எதுத்த ஊட்டுக்காரி நம்ப மாட்டேங்கறா. நீயாச்சும் நம்பு. நான் கண்ணால பாத்தவ. பாத்தவ என்ன, அதுல மாட்டிக்கிட்டு நின்னவ.

அப்ப வெள்ளைக்காரன் ஆண்டுக்கிட்டிருந்தான். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம், மலைய விட்டு எறங்கிக் குடியிருந்த நம்ம ஆளுக ஊட்டுல என்னையக் கட்டிக் குடுத்திருந்தாங்க. எங்கம்மா மலை மேல திண்ணனூர் நாட்டுல. வருசத்துக்கு ஒருக்கா, சாமை அறுத்து முடிச்சதும் அம்மா ஊட்டுக்கு அனுப்புவாங்க. "இன்னைக்குப் போ, நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அடுப்படியில இருக்கோணும்"னு மாமியா சொன்னாச் சொன்னதுதான்.

துரைமாரு பந்தயமும் அதே சமயந்தான் வரும், மழ விட்டு ரோடு காஞ்ச பொறவு. சேலத்துல எதோ மோட்டார்க் கூட்டமாம், சும்மா ஆசைக்கு ஓட்டறவங்க. அடிவாரத்து ரோட்டுல ரெண்டு பக்கமும் கயிறு கட்டீருவாங்க. கடேசி மோட்டாரு ஓடி முடிக்கறவரைக்கும் கோழி கூடத் தாண்டக்கூடாது. நான் வாக்கப்பட்டு வந்த வருசம் எத்தன மோட்டாருங்கற! புழுதியில கண்ணே தெரியல. ஆனா உச்சிக்குள்ள முடிஞ்சுரும். பொறவு வருசா வருசம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு துரை கப்பலேறிட்டான், ஒருத்தனப் பொண்டாட்டி விடமாட்டேங்கறா, சீமையில சண்ட வரப்போகுதுன்னு வேற பேச்சு. மோட்டாரு கொறைஞ்சா வெரசாத் தாண்டலாம்னு எனக்கு ஒரே சந்தோசம்.

அந்த வருசம் ஒன்னே ஒன்னுதான் வந்துச்சு. பச்சக் கலரு, தவளையாட்டம். வந்து நின்னுச்சு, ஓடல.

"ஏனுங்க, எப்பங்க கயித்த அவுப்பீங்க?"ன்னு காவக்காரங்கிட்டக் கேட்டேன்.

"ரெண்டாவது மோட்டாரு வரோணும். ஒத்தையா ஓடுனா பந்தயமாகாதாம்"ங்கறான்.

அந்தப் பக்கக் கயித்துக்குப் பொறத்தால, என்னையக் கூட்டிக்கிட்டு மலையேற எறங்கி வந்த அம்மா. இந்தப் பக்கம் நானும் எங்கூட்டுக்காரரோட அக்காளும். நங்கையான்னு கூப்புடுவேன். அம்மாவுக்குத்தான் அசலூருக்கே கேக்கற கொரலாச்சே.

"கண்ணூ! எளைச்சுப் போயிட்டியே! உம்மாமியா வயித்துக்குப் போடறாளா?"

"போடறாங்கம்மா!"

"பழசா, சுடுசோறா?"

சனமே சிரிக்குது. "அம்மா, சும்மா இரேன்!"ங்கறேன்.

"கை ஏன் காச்சுக் கெடக்குது? அந்த நாத்தனாகாரி எந்திரிக்கவே மாட்டாளாமே?"

நாத்தனாகாரி எந்தோள ஒட்டி நிக்கறா! ஓடலாம்னா முன்னால கயிறு, பொறத்தால சனம்.

துரை மோட்டாரு மேலயே குந்திக்கிட்டு, வாழப்பழமா உரிச்சுத் தின்னுக்கிட்டு, சேலத்து ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தான். பாவமாவும் இருந்துச்சு, ஆத்தரமாவும் இருந்துச்சு. பொழுது எறங்கறப்பதான் தொப்பியத் தட்டிப் போட்டுக்கிட்டு வந்த வழியே போனான். கயித்த அவுத்தாங்க. இனி எங்க மலையேறறது? கரடி நடமாடற நேரம். எங்கூட்டுல வந்து படுக்கலாம்னா, பேரப்புள்ள பொறக்காம சம்பந்தி ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன்னு அம்மாவுக்கு வேற வைராக்கியம். ஒரு வருசம் காத்திருந்த நாளு இப்பிடிப் போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

நங்கையா என்னைய ஒரு பார்வ பாத்தா. தொலைஞ்சேன்னு நெனச்சேன்.

"உங்கம்மா வாய்க்கு ஒரு கயிறு கட்டக்கூடாதா?"ன்னா. பொறவு மெதுவா, "அடிவாரத்துல உங்க சித்தி ஊட்டுல ரெண்டு பேரும் படுத்துட்டு வெடிய ஏறுங்க. ரெண்டாவது மோட்டாரு நாளைக்குத்தான் வருதாம், நாளைக்கும் கயிறாம்னு ஊட்டுல நான் சொல்லிக்கறேன். நாளான்னைக்கு வந்தாப் போதும். போயி சுடுசோறு தின்னுட்டு வா!"ன்னு என்னையத் தள்ளிவுட்டா.

அதுக்கு மக்யா வருசம் ஒரு மோட்டாரும் வரல. கூட்டமே கலைஞ்சுருச்சாம். "கயிறுதான் இல்லியே, நாளைக்கே வந்துரு"ங்கறா மாமியா. கூட ஒரு நாளு தங்க என்னத்தச் சொல்லித் தப்பிக்க? ஒரு துரையாவது வரமாட்டானான்னு நானும் நங்கையாளும் ரோட்டோரம் நின்னு நின்னு... அய்யய்யோ, ஆடு மரவள்ளிக்குள்ள பூந்துருச்சு! ஏய், ச்சூ! தள்ளு அம்மிணி, குருத்தெல்லாம் போச்சு!