செங்கமலம் குழம்பு கொடுக்காத அமாவாசை

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ரோட்டோரமாக செங்கமலத்தின் சாப்பாட்டுக் கடை. எதிரே கோதண்டராமனின் டாங்கர் லாரி ஷெட். ஒன்பது வண்டி. அதில் ஒன்றை நான் ஓட்டினேன்.

புருஷன் செத்த கையோடு அவள் அங்கே கடை போட்டது பிழைப்புக்காக மட்டும் இல்லை. கோதண்டராமன் காலையில் கேட்டைத் திறந்தால் முதலில் தன் மூஞ்சியில்தான் விழிக்க வேண்டும் என்று போட்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் புருஷன் தணிகாசலம் எங்கள் ஷெட்டில் டாங்கி துடைக்கிற ஆள். பெட்ரோல், டீசல் என்று வண்டியிலிருந்து ஒரு எண்ணெயை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவதற்கு முன்னால், மேல் மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, அடியில் தங்கியதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உள்ளே காற்று கிடையாது, வெறும் ஆவிதான். கொஞ்ச நேரம் ஆற விடாமல் இறங்கினால் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவான். எண்பத்தொன்பதில் ஒரு நாள், லோடு அவசரம் என்று கோதண்டராமன் ஆற விடாமலே இறங்கச் சொன்னான். தணிகாசலம் ஏறி வரவில்லை.

நான் அப்போது கடலூர் லோடில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ராவோடு ராவாகப் பிணத்தை வெளியே கொண்டுபோய்ப் போட்டதை ஷெட் ஆட்கள் காதோடு காதாகச் சொன்னார்கள். பிணம் தண்டலத்துப் பக்கம் ரோட்டோரக் குட்டையில் கிடந்ததாகவும், குடித்துவிட்டு விழுந்ததாகவும் ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள். கோதண்டராமன் அங்கே போய், "அப்படி ஒரு ஆள் எங்கிட்ட வேலை செஞ்சதே இல்ல" என்று ஒரே போடாகப் போட்டான்.

செங்கமலம் பிணத்தைக் குளிப்பாட்டும்போது தலையெல்லாம் பெட்ரோல் வாடை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "சாராயம் குடிச்சி குட்டையில வுழுந்தவன் தலையில பெட்ரோல் எப்டிய்யா வரும்?" என்று அவள் போலீஸ்காரரைக் கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை.

அடுத்த மாதமே எங்கள் வண்டிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. கோதண்டராமன் உடனே மணிமங்கலத்தில் குறி சொல்கிறவரிடம் போனான். நான்தான் காரை ஓட்டினேன். "உள்ள செத்தவன் பசியோட கீறான். கேட்டாண்ட கல்லு நட்டு, அமாவாசைக்கு அமாவாசை படையல் போடு. அவன் பொஞ்சாதி கையால ஆக்கினதா இருக்கணும்" என்றார் அவர். கல் நட்டான், மஞ்சள் பூசினான், முனீஸ்வரன் என்று ஊருக்குச் சொன்னான். ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும், அது எந்த முனீஸ்வரன் என்று.

அப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் வாட்ச்மேன் ரோட்டைக் கடந்து போய் செங்கமலத்திடம் பூண்டு போடாத நெத்திலிக் கருவாட்டுக் குழம்பாகக் கேட்டு வாங்கி வருவான். அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இன்னாம்மா, அந்த ஆளுக்குப் போய் ஆக்கித் தர்றியே?"

"நான் என் வூட்டுக்காரருக்கு ஆக்கறேன் அண்ணே. அத தூக்கிக்கினு போறவன் எவனா இருந்தா எனக்கின்னா?" என்றாள். அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "பழகட்டும். இது இல்லாம அவனுக்கு ஒரு அமாவாசையும் போவக்கூடாது. அப்டி ஆவட்டும், அப்ப வெச்சிக்கிறேன்."

தொண்ணூற்றொன்று பிறந்தது. வளைகுடாவில் சண்டை. நம் சர்க்காரோடு சிநேகமாக இருந்த ஒரு தேசத்தின் ராணுவ விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்கி எண்ணெய் ரொப்பிக்கொண்டு போகப் போவதாகப் பேச்சு. எண்ணெயின் விலையும் அளவும் மேலிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். சுமந்து போக டாங்கர் வேண்டும். அந்த ஒப்பந்தம் கிடைத்தால் கோதண்டராமன் ஒன்பது வண்டியைத் தொண்ணூறாக ஆக்கிவிடுவான். நாள் பார்த்து, தை அமாவாசை அன்றே பேசி முடிக்கலாம் என்று அவர்களை ஷெட்டுக்கு வரவழைத்தான். நிறைந்த நாளாம். செத்தவர்களுக்கும் அதுதான் நாள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

எண்ணெய்க் கம்பெனி அதிகாரி புருஷோத்தமன் வந்தார். கூடவே அந்த தேசத்து ராணுவ அதிகாரி, சிவந்த ஆள், சாதா உடுப்பு. தகரக் கொட்டகையில் நாற்காலி போட்டுப் பேச்சு ஆரம்பித்தது. புருஷோத்தமன் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

"பிளேன் எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது. என் வண்டி ரொப்பிக்கினு ராப்பகலா நிக்கணும். நிக்கிறதுக்கும் வாடகை குடுக்கச் சொல்லுங்க சார்" என்றான் கோதண்டராமன்.

"பாதி தருவாங்களாம். ஆனா உன் வண்டி லேட்டாகி பிளேன் காத்துக் கிடந்தா, அன்னிக்கு வாடகையே கிடையாது."

"இது இன்னா சார் நியாயம்? சண்டை அவங்களுது, அவசரம் அவங்களுது. தாம்பரத்துல மாடு குறுக்க படுத்துக்கினா அதுக்கும் நானா பொறுப்பு?"

அதைக் கேட்டு அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தான். மாட்டுக்கு மட்டும் விலக்கு என்று எழுதச் சொன்னானாம். பேச்சு நல்லபடியாகப் போனது. கோதண்டராமன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கடைசியில் ஒரு நிபந்தனை வந்தது. விமானத்துக்குப் போகிற எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு துளி துரு இருக்கக்கூடாது, ஒவ்வொரு நடைக்கும் டாங்கியைத் துடைத்தாக வேண்டும். "அப்படித் துடைக்கிறப்ப இங்க யாராவது செத்திருக்காங்களான்னு கேக்கறார். இருந்தா சொல்லிடு. மறைச்சது தெரிஞ்சா ஒப்பந்தமே இல்லை" என்றார் புருஷோத்தமன்.

"எங்க ஷெட்டுல கொசு கூட செத்ததில்ல சார்."

சரி, ஒரு வண்டி கிளம்பிக் காட்டட்டும், கையெழுத்துப் போடலாம் என்றார்கள். என் வண்டிதான் முதல் வண்டி. படையல் வைத்துவிட்டு எடுக்கலாம் என்று வாட்ச்மேனைக் குழம்புக்கு அனுப்பினான் கோதண்டராமன். வாட்ச்மேன் வெறும் தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தான்.

"குடுக்க மாட்டேங்குது மொதலாளி. உங்களத்தான் வரச் சொல்லுது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்து ஓட்டலிலிருந்து மீன் குழம்பு வாங்கி வரச் சொல்லிக் கல்லுக்கு முன்னால் வைத்தான்.

"ம், எடுய்யா வண்டிய."

"அது அந்தக் கை இல்லியே மொதலாளி" என்று சொல்லிவிட்டு நான் பம்பரில் உட்கார்ந்தேன். மற்ற டிரைவர்களும் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயம். எனக்குப் பயம் இல்லை. அந்த மூஞ்சி வேர்ப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

புருஷோத்தமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோதண்டராமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினான். நாங்களும் பின்னாலேயே போனோம்.

செங்கமலம் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா வெளையாடுறியா? இன்னா வேணும் கேளு, தர்றேன். சட்டியக் குடு."

"யாருக்குப் படையல் மொதலாளி?"

"இது இன்னா கேள்வி? முனீஸ்வரனுக்கு."

"முனீஸ்வரனுக்குப் பூண்டு ஆவாதா? ரெண்டு வருசமா பூண்டு போடாத குழம்பா கேட்டு வாங்கினு போறியே. என் வூட்டுக்காரருக்குத்தானே பூண்டு ஆவாது?"

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். வண்டி ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க அந்த அதிகாரிகள் இருவரும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை அவன் பார்க்கவில்லை. செங்கமலம் பார்த்தாள். கண்ணைக்கூட அசைக்கவில்லை.

"பேரைச் சொல்லு, சட்டியத் தர்றேன்."

"தணிகாசலத்துக்கு" என்றான் முணுமுணுப்பாக.

"லாரிச் சத்தத்துல கேக்கல."

"தணிகாசலத்துக்குத்தான்! போதுமா?"

"அவரு எங்க செத்தாரு?"

"என் டாங்கிலதான் செத்தான். மூணாம் நம்பர் வண்டில. அதுக்குத்தான் மாசாமாசம் கொட்டி அழுவுறனே. குடுடி சட்டிய!"

"கோதண்டராமன்," என்றார் புருஷோத்தமன் பின்னாலிருந்து. "யாருய்யா தணிகாசலம்?"

அவன் திரும்பினான். அந்த நேரத்து மூஞ்சியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. புருஷோத்தமன் கேட்ட கேள்விக்கெல்லாம் செங்கமலமே பதில் சொன்னாள், பெட்ரோல் வாடை உட்பட. அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்தச் சிவந்த ஆள் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தான். மாட்டுக்கு அப்படிச் சிரித்தவன் விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிவிட்டான். ஒப்பந்தம் வேறு யாருக்கோ போனது.

அவள் அதோடு விடவில்லை. கடைக்குப் பின்னால் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். கேட்டருகே போய்க் கல்லைச் சுற்றிக் குத்தினாள். யாரும் தடுக்கவில்லை.

"ஐயோ, அத எடுக்காதம்மா" என்று கோதண்டராமன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்கிட்ட வேலையே செய்யாத ஆளு உனக்கு இன்னாத்துக்குக் காவலு?"

கல்லைப் பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் பூசிய மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, தன் அடுப்புக்குப் பக்கத்தில் நட்டாள். குழம்பை அங்கேதான் படைத்தாள். பிறகு எங்களுக்கெல்லாம் அதிலேயே சோறு போட்டாள்.

காவல் போன ஷெட்டில் வண்டி எடுக்க ஒரு டிரைவரும் வரவில்லை. நானும் சாவியை வீசிவிட்டு வந்தேன். ஸ்டேஷனில் மூடிய கேஸைத் திரும்பத் திறந்தார்கள். அது இழுத்துக்கொண்டே கிடந்தது. அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அடுத்த அமாவாசை அன்று நான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோதண்டராமன் கற்பூரமும் தேங்காயுமாக வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போயிடறேன்மா."

செங்கமலம் என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சாப்புட வர்றவங்களுக்கு வழிய மறைக்காத. அப்பால போ."