புதுப் பந்து யாருக்கு

அரூரில் எங்கள் விதை, உரக்கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மக்காச்சோள விதை கேட்டு ஒருவர் வந்து நின்றார். எந்த ரகம் வேண்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். கேள்வி மனதில் முழுசாக இருந்தது. வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். வலது கையிலிருந்த ஊதுபத்தி நழுவி விழுந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. “வாய் கோணுதுங்க, வண்டி எடுங்க!” என்று வந்தவரிடமே கத்தினாள். விதை வாங்க வந்த அந்த மனிதர்தான் தன் காரில் எங்களைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பக்கவாதம். சீக்கிரம் வந்ததால் ஊசி போட முடிந்தது என்றார் டாக்டர். உயிர் தப்பியது. காலும் சில வாரங்களில் ஓரளவு சரியானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஒரே ஒரு சொல் வந்தது. யூரியா. காபி வேண்டும் என்று நினைத்தாலும் யூரியா, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் யூரியா. கடையில் உட்கார்ந்த காலமெல்லாம் அதிகமாகச் சொன்ன சொல் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் கொடுமை. பார்க்க வந்தவர்கள் கைக்குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்து, சத்தமாகப் பேசினார்கள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வேன்.

கம்பைநல்லூரிலிருந்து என் நண்பன் வந்தபோதும் அப்படித்தான் படுத்திருந்தேன். கல்லூரியிலிருந்து ஒன்றாக ஆடியவன். அவன் முதல் ஆளாக மட்டை பிடிப்பான், நான் புதுப் பந்து போடுவேன். இப்போது கரும்பும் தக்காளியும் வைத்திருக்கிறான். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இங்கிலாந்துக்கு டீம் எடுக்கப் போறாங்க மாப்ள. அஞ்சு டெஸ்ட்டு. ஃபாஸ்ட் பவுலிங்குக்கு யாரு யாருன்னு நான் முடிவே பண்ணிட்டன். கேட்டுக்க.”

விரலை மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னான். எல்லாரும் நல்ல பந்து வீச்சாளர்கள்தான். ஆனால் எல்லாரும் வலது கைக்காரர்கள். நான் நம்பியிருந்த அந்த இடது கைப் பையனை அவன் சொல்லவே இல்லை. என்னை அறியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன்.

“யூரியா!”

“யூரியாவா? அவன் எந்த ஸ்டேட்டுக்கு ஆடறான்?”

கோபத்தில் படுத்தபடியே இடது கையைச் சுழற்றிக் காட்டினேன்.

“ஸ்பின்னரா? அத அப்பறம் பாத்துக்கலாம்டா.”

இல்லை என்று தலையை ஆட்டி, இன்னும் வேகமாகச் சுழற்றினேன். மோர் கொண்டுவந்த என் மனைவி கதவருகே நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு கிரிக்கெட் பற்றித் தெரிந்ததெல்லாம், அது சீரியல் நேரத்தில் வந்து தொலைக்கும் என்பதுதான்.

“அண்ணா, பீச்சாங்கையில ஓடியாந்து போடறவன் எவனாச்சும் இருக்கறானா? அவனத்தான் கேக்கறாரு போல” என்றாள்.

நண்பன் என் முகத்தைப் பார்த்தான். நான் வேகமாகத் தலையாட்டினேன். “அடப்பாவி, அவனா!” என்று அவன் சிரிக்க, நானும் சிரித்தேன். சிரிப்புக்குச் சொல் தேவைப்படவில்லை. மனைவி மோரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு சாயந்திரம் சொசைட்டியில் மாட்டுப்பால் ஊற்றிவிட்டு நண்பன் தினமும் வந்தான். தினமும் யாராவது ஒருவரை அணியிலிருந்து நீக்கினான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

பேச்சுப் பயிற்சிக்குத் தருமபுரி போய் வந்துகொண்டிருந்தோம். பயிற்சி கொடுத்தவர் இளம் பெண், பொறுமைசாலி. சீப்பு, குடை, டம்ளர் என்று படம் படமாகக் காட்டி, இது என்ன என்பார். சீப்பு என்று தெரியும். நுனி நாக்கில் நிற்கும். அதற்குள் யூரியா முந்திக்கொள்ளும். ஒரு நாள் படங்களைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மனைவிதான் தயங்கித் தயங்கி, வீட்டில் சாயந்திரம் நடக்கும் சண்டையைச் சொன்னாள்.

பயிற்சியாளர் படங்களையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தார். “எனக்கு கிரிக்கெட் சுத்தமா தெரியாதுங்க சார். நீங்கதான் சொல்லணும். யார எடுக்கணும், ஏன் எடுக்கணும். பேரு வேண்டாம், பேருதான் கடைசியா வரும். ஆளப் பத்தி ஒரு வார்த்தை போதும்” என்றார்.

என் மனைவியிடம் பெயரைக் கேட்டு, போனில் அந்தப் பையனின் படத்தை எடுத்து முன்னால் வைத்தார். என் நல்ல கையைப் பிடித்து முழங்காலில் தட்ட வைத்து, பாட்டுப்போல இழுத்துச் சொல்லச் சொன்னார். இ... ட... து. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கடைசி எழுத்து வந்தது. அந்த அமர்வு முடிவதற்குள் முழுச் சொல்லும் வந்துவிட்டது. அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்காலைத் தட்டித் தட்டி, “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் என்ன இருக்கிறது என்று வெளியே எட்டிப் பார்த்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இடதுக்குப் பின்னால் மற்றவையும் மெல்ல வந்தன. உயரம். வேகம். காத்து. காற்றை எதிர்த்து ஒரு முனையில் நாள் முழுக்கப் போடும் ஆளைச் சொல்ல அந்தச் சொல். பழைய பந்தை உள்ளே கொண்டுவருபவனுக்குப் ‘பழசு’. எட்டாவது ஆளும் மட்டை பிடிக்க வேண்டும், அதனால் ஒரு பவுலரைக் குறைத்து ஆல்ரவுண்டரைப் போட வேண்டும் என்பது நண்பனின் கட்சி. மட்டை பிடித்தவன் வேறு எப்படி நினைப்பான்? இருபது விக்கெட் எடுக்காமல் டெஸ்ட்டை ஜெயிக்க முடியாது என்பது என் கட்சி. ஒரே உயரம், ஒரே வேகம், ஒரே பக்கத்துப் பந்து என்றால் எதிரணிக்காரன் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவான். இடது கைக்காரன் வந்தால் நிற்கும் இடத்தையே அவன் மாற்ற வேண்டும். இதையெல்லாம் நான் “இடது... கோணம்... பழக மாட்டான்” என்று துண்டு துண்டாகத்தான் சொன்னேன். நண்பன் ஒரு துண்டைக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. நான் தேடி எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு மறுத்தான்.

அணி அறிவித்த அன்று மத்தியானமே வந்துவிட்டான். போனைப் பார்த்துப் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்தான். மட்டையாளர்கள், விக்கெட் கீப்பர்கள், சுழல். கடைசியில்தான் வேகம். அந்தப் பையனின் பெயரைப் படித்துவிட்டு, “எடுத்துட்டாங்கடா. ஆனா சும்மா கூட்டிட்டுப் போவாங்க. பெஞ்சுலதான் ஒக்காரணும்” என்றான்.

“மொத டெஸ்ட்டுலயே எறக்கணும்” என்றேன்.

தட்டவில்லை, இழுக்கவில்லை. யாரோ என் குரலில் பேசியதுபோல இருந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

நண்பன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எறக்க மாட்டாங்க. பந்தயமா?” என்றான்.

“எறக்...கணும்.”

“என்னங்க, இன்னொருக்கா சொல்லுங்க” என்றாள் மனைவி. சொன்னேன். அன்று அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி என்னைப் படாத பாடு படுத்திவிட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டு, அவனிடமும் சொல்ல வைத்தாள். அவனும் இன்னொரு முறை சொல்லச் சொன்னான். பிறகு, “சரிங்கப்பா, எறக்கச் சொல்றன்” என்றான்.

முதல் டெஸ்ட்டில் இறக்கவில்லை. நான் டிவியைப் பார்த்துத் திட்டியதில் பாதி சரியாகவே வந்தது. இரண்டாவதில் வாய்ப்புக் கிடைத்தது. தொடக்கத்தில் தாறுமாறாகப் போட்டான், சாயந்திர வெயிலில் ஒருவனை ஸ்லிப்பில் பிடிகொடுக்க வைத்தான். நண்பன் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது காலை வேளையில் கடைக்குப் போகிறேன். தெரிந்த வாடிக்கையாளர்கள் அவசரப்படுத்துவதில்லை. எனக்கு விதையின் பெயர் வரத் தாமதமானால் பையைத் தொட்டுக் காட்டுகிறார்கள். பெயர்கள் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. சில நாள் என் மகன் பெயரே வருவதில்லை, மறுநாள் தானாக வந்துவிடுகிறது.

நேற்று மதியம் சாப்பிடும்போது மனைவி தானாகவே ஆரம்பித்தாள்: “அந்த ஒசரமான பையன் ரொம்பக் களச்சிப் போயிட்டானுங்க. ஓடியாரப்பவே தெரியுது. அடுத்த மேட்ச்சுக்கு அவன ஒக்கார வெச்சாத்தான் என்ன?”

வலது கைக்காரர்களிலேயே நன்றாகப் போடுகிறவன் அவன்தான். எப்படி உட்கார வைப்பது? சோற்றைப் பிசைந்தபடி பதிலை ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள், ரசத்தை ஊற்றிவிட்டு.