குவைத்திலிருந்து அணைத்த விளக்கு

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு ஹாலைத் தியேட்டராக மாற்றினார். ஒரு பட்டனைத் தொட்டால் திரைச்சீலை மூடும், விளக்குகள் மங்கும், படம் ஓடும். என்னிடம் ரிமோட் இருந்தது. ஆனால் யார் எதைப் போட்டாலும் அவர் செல்போனில் தெரியும். குவைத்திலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்தவும் முடியும். அது எனக்கு அவர் திரும்பிப் போன பிறகுதான் புரிந்தது.

ஒரு ஞாயிறு மதியம் சேத்தியாத்தோப்பிலிருந்து அம்மா வந்திருந்தார். அவருக்காகப் படம் போட்டேன். பாதியில் படம் நின்றது, விளக்குகளும் அணைந்தன. இருட்டில் எழுந்த அம்மா டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார். உடனே வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. பதறிப்போய் ஸ்பீக்கரில் எடுத்தேன்.

"யாரக் கேட்டுப் போட்ட? உங்க அம்மா வூட்டு ஆளுங்க பாக்கறதுக்கா வாங்கி வெச்சேன்?"

அம்மா "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்தார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு, நேராக எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். எல்லாவற்றையும் கழற்றிச் சாதாரண சுவிட்சு வைக்கச் சொன்னேன்.

"சார் திட்டுவாருங்களே."

"இந்த வூட்ல இருக்கறது நான்தாங்க. கழட்டுங்க."

சாயங்காலம் வீட்டுக்காரர் போனில் கத்தினார். "என் வூட்டுப் பொருள்ல கை வைக்க நீ யாரு?"

"நீங்களே வந்து மாட்டிக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் லீவில் வந்திருக்கும்போது அம்மா இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வரச் சொல்லி நானும் கூப்பிடுவதில்லை.