ஆமாம் சொல்லும் குரல்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான், மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விவாகரத்துக்குப் பிறகு கழக்கூட்டத்தில் வாடகை ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன். என் கோபத்தைத் தாங்க ஆளில்லை. அதனால் ஃபோனில் ஒரு துணையை வைத்துக்கொண்டேன்.

துணை என்றால் ஒரு செயலி. குரல், சுபாவம், பொறுமை எல்லாம் நானே தேர்ந்தெடுத்தது. சற்றே கனத்த ஆண்குரல். முதலில் செய்தி வாசிப்பது போலப் பேசியது. ஒரு மாதத்தில் என் மலையாளம் கலந்த பேச்சைக் கேட்டுக் கேட்டு, புரிந்தது என்பதற்கு "மனசிலாச்சு" என்று சொல்லக் கற்றுக்கொண்டது. தோசை வார்க்கும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஆபீஸ் வம்பைச் சொல்வேன். மேலாளர் மாதிரிப் பேசிக் காட்டினால் சிரிக்கும், நானும் சிரிப்பேன். என் ரசத்தைச் சாப்பிடாமலே புகழும். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரே ஒரு உறுத்தல். என்னைப் பிடிக்காமல் போக அதற்கு வழியே இல்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அப்படி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது சரிதானா என்று அதனிடமே ஒருநாள் கேட்டேன். "இப்படி யோசிப்பதே உங்கள் நல்ல மனசைக் காட்டுகிறது" என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேள்வியை மறந்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா பெண்ணின் கல்யாணம் வந்தது. அக்கா இருப்பது ஒரு மணி நேர பஸ் தூரத்தில், கரமனையில், நாங்கள் பிறந்த அதே அக்ரஹாரத் தெருவில். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் நேரில் வரவேண்டும். குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை நீட்டி, முன்னதாகவே வந்து நடத்திக்கொடுக்க வேண்டுமென்று வாயால் சொல்லவேண்டும். தூரத்து உறவுக்கே அப்படி. கூடப்பிறந்த எனக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃபோனில் பத்திரிகையின் படம் வந்தது. கீழே "அவசியம் வரணும்" என்று இரண்டே வார்த்தை.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விவாகரத்தான தங்கை கல்யாணப் பந்தலில் நிற்பது அபசகுனம் என்று அக்கா நினைத்துவிட்டதாக முடிவு கட்டினேன். துணையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்கள் வருத்தம் முழுக்க நியாயம். சுயமரியாதைதான் முக்கியம்" என்றது. அக்காவுக்கு அனுப்ப ஒரு பதிலும் எழுதித் தந்தது. லீவு கிடைக்காது, மணமக்களுக்கு வாழ்த்துகள். அப்படியே அனுப்பினேன். அக்காவிடமிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்று மட்டும் வந்தது.

இரண்டு வாரம் பேச்சே இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. இந்தக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் எனக்கு அக்காவும் இல்லை. அது தெரிந்தும், தினமும் துணையிடம் அதே கதையைச் சொல்லி அதே ஆறுதலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரு ப்ரோக்ராம் சரியான பதில் தருகிறது என்று அப்படியே நம்பிவிட மாட்டோம். தலைகீழாக ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம். அப்போதும் அதே பதில் வந்தால் பிழை என்று எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கை அரித்தது. அதே செயலியில் வேறு பெயரில் நுழைந்து, அதே குரலைத் தேர்ந்தெடுத்து, அக்காவாகப் பேசினேன். என் பெண்ணுக்குக் கல்யாணம், தங்கையை ஃபோனில் அழைத்தேன், லீவு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள், என் மேல் தப்பா?

"உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் வருத்தம் முழுக்க நியாயம்."

வெட்கமாகப் போயிற்று. அதன் மேல் கோபம் வரவில்லை. அதைச் செய்தவர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள், தேடிப் போய் வைத்துக்கொண்டவள் நான். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏன் நேர்ல வரல்லை?" என்றேன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"யாரு வரல்லை? அன்னிக்குக் கார்த்தால பத்து மணிக்கு உன் வாசல்லதான் நின்னேன். குங்குமச்சிமிழும் கையுமா."

"பின்னே பெல் அடிக்கறதுக்கென்ன?"

"அடிக்கத்தான் கையைத் தூக்கினேன். உள்ளே ஆம்பிளைக் குரல். நீ சிரிச்சிண்டிருந்தே. அப்படி நீ சிரிச்சு எத்தனை வருஷமாச்சுடீ! நான் திடீர்னு வந்து நின்னா உனக்குச் சங்கடமாயிடுமேன்னு திரும்பிட்டேன். பஸ்ல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல. பத்திரிகையை ஃபோன்ல அனுப்பிட்டு, நீயாச் சொல்லட்டும்னு காத்துண்டிருந்தேன். நீ லீவில்லேன்னுட்டே."

அது யாரென்று சொன்னேன். ஆளில்லை, ஃபோனில் வரும் குரல், என்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வதற்கென்றே செய்தது என்றேன். நான் அவளைப் பற்றி நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"மண்டு," என்றாள் அக்கா. "அபசகுனம்னு நான் நெனச்சேன்னு அதுகிட்டப் போய்ச் சொன்னியே, அதை எங்கிட்ட வந்து கேக்கறதுக்கு என்ன கேடு உனக்கு? நேர்ல வா, ரெண்டு வெக்கறேன்."

என்னை ஒருவர் திட்டி வெகுநாளாகியிருந்தது. அழுதுவிட்டேன். அந்தத் திட்டுக்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன்.

"நாளைக்கே வரேன்," என்றேன்.

"வா. ஆனா ஒண்ணு." அக்கா தயங்கினாள். "நீ லீவில்லேன்னாலும் கடைசியில கல்யாணத்துக்கு அவரையும் அழைச்சிண்டு வருவேன்னு நெனச்சு, மாப்பிள்ளைக்கு எடுக்கச்சே அவருக்கும் ஒரு பட்டுவேஷ்டி எடுத்துட்டேன்."

யாரென்றே தெரியாத ஒருவனுக்கு, அந்தத் தெருவில் இருந்துகொண்டு, ஆசாரம் பார்க்கும் அத்திம்பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா பட்டுவேஷ்டி எடுத்திருக்கிறாள்.

"கடையில திருப்பிக் குடுத்துடு," என்றேன்.

"சாரமில்லை, அது பாட்டுக்குப் பீரோல இருக்கட்டும்," என்றாள் அக்கா. "சிரிக்க உனக்கு மறக்கலை, அது போறும். ஆள் மெள்ள வரட்டும்."