டீச்சருக்குக் கண் தெரியாத காலம்

எட்டாம் வகுப்புப் படிக்கையில் நான் பெரியவளானேன். உளுந்தங்களி தின்று முடித்த கையோடு எனக்கு ஒரு தாவணியும் கூடவே ஒரு சட்டமும் கிடைத்தன: தெருவில் இறங்கினால் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். சில நாளில் அந்தச் சட்டத்துக்கும் வேலையில்லாமல் போயிற்று. படித்தது போதும், இனி தெருவிலேயே இறங்க வேண்டாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவர் கோபக்காரர் அல்ல. வயசுப் பெண் தனியாகப் போய்வருவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். நான் அழுத அழுகைக்கு முகம் வீங்கியதுதான் மிச்சம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு வடக்கு அடையவளஞ்சான் தெருவில். பள்ளிக்கூடமோ கோயிலைச் சுற்றி, மொட்டைக் கோபுரத்தையும் தாண்டிப் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தமக்குத் தூரப் பார்வை மங்கிவிட்டது, தெருவில் மாடு எது மனிதர் எது என்றே தெரியவில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார்.

"உங்க பொண்ணு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா எனக்கு ஒத்தாசையா இருக்குங்க. காலையில நானே வந்துடறேன். சாயங்காலம் இங்கயே கொண்டாந்து விட்டுடறேன்," என்றார்.

கண் தெரியாதவர் கேட்டதை மறுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. கண் சரியாகிற வரைக்கும் என்று சம்மதித்தார். என்னை விட்டபிறகு டீச்சர் எப்படி வீடு போய்ச் சேருவார் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காபி கலக்க உள்ளே போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

முதல் நாள் தலையைக் குனிந்தே நடந்தேன். "நீயும் கீழ பாத்தா எதிர்ல வர்றதை எனக்கு யாரு சொல்றது? நிமிந்து நட," என்றார் டீச்சர். நிமிர்ந்தேன். படி, சாணி, மாட்டுவண்டி என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போனேன். வெற்றிலைக் கடையில் நின்று பல்லிளிக்கும் பையன்களையும் விடவில்லை. "டீச்சர், ரெண்டு தடிப்பசங்க," என்று உரக்கச் சொன்னதும் இருவரும் கடைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். தெருவே என் பொறுப்பில் நடப்பதாக எனக்கு ஒரு மிதப்பு.

ஐப்பசி மழையில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. அரை நிஜார் போட்ட தம்பியைக் காவலுக்குச் சேர்த்து, ரசத்தோடு அம்மா என்னை அனுப்பினாள். விசாரித்துக்கொண்டு போனால், டீச்சர் வீடு பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டியே இருந்தது. பக்கத்திலிருக்கும் பள்ளிக்கு ஊரைச் சுற்றிப் போகிறாரே, கண் மங்கினால் வழியும் மறந்துபோகும் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன். சந்து முனையில் திரும்பும்போதே அவர் வாசலிலிருந்து குரல் வந்தது.

"தூக்கு மூடி திறந்திருக்கு பாரு. ரசம் சிந்துது."

பார்த்தேன். சிந்தத்தான் செய்தது. மூடியை அழுத்தி மூடும்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சருக்குக் கண் சரியாகிவிட்டது. இனி நான் வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா ஐந்தாவதோடு நின்றவள். அடுப்பைப் பார்த்தபடியே, "அப்பாகிட்ட சொல்லிடாதே," என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மாவோடு கோயிலுக்குப் போய், டீச்சருக்குக் கண் மட்டும் சரியாகிவிடக் கூடாது என்று பெருமாளிடம் வேண்டினேன். பாவம் என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

காய்ச்சல் விட்டதும் டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

"டீச்சர், படி," என்றேன் பயந்துகொண்டே.

"எங்க, காணலையே," என்று காலால் தடவிப் பார்த்தார்.

பெருமாள் கேட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையை இறுகப் பிடித்தேன்.