ஆலோசகருக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு பொன்னாடை கிடக்கிறது. அரக்கு நிறம், அகலமான சரிகைக் கரை. சவர்க்காரத் தூள் சிந்திச் சிந்தி ஒரு மூலை வெளுத்துவிட்டது. அதைக் கடையில் தேர்ந்தெடுத்தவன் நான். செனாயில் எங்கள் கோயில் மண்டபத்தில், நாற்பது பெற்றோர் கைதட்ட, கல்வி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒரு மனிதரின் தோளில் அதைப் போர்த்தியவனும் நான்தான். பிள்ளைகளே, ஐந்தாம் படிவம் முடித்து அடுத்து எங்கே போவது என்று நிற்கப்போகும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டு, தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். எனக்குப் பெரிதாக எழுத வராது. ஆனால் இதை மட்டும் என்னைவிட நன்றாக எழுத ஆளில்லை.

அந்த மனிதர் வெள்ளைச் சட்டையும் இரண்டு கைத்தொலைபேசியுமாக வந்தார். முதல் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். எங்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது என்று தெரிந்தேதான் பேசினார். பிறகு தமிழுக்கு இறங்கி வந்து, "மார்க் எடுக்கறது பிள்ளைங்க வேல. மத்ததெல்லாம் என் வேல. நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். மண்டபமே உருகிவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகளின் தேர்வு முடிவுத் தாள்களை, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். என்ன படிக்க ஆசை என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை. என் மூத்த மகள் மட்டும் தானாகவே, "அரசாங்கப் பல்கலைக்கழகத்துல கணக்கு படிக்கணும் சார்" என்றாள். "பாத்துக்கலாம் லா" என்று அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்து பார்த்தால் பொன்னாடை பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தது. மறந்துவிட்டார் போல என்று அதை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி, "நீங்களே வெச்சிக்குங்க சார், வீட்டுல நெறைய இருக்கு" என்றார். எவ்வளவு எளிமையான மனிதர் என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் அவரே நிரப்பினார். மின்னஞ்சல் அவருடையது, தொலைபேசி எண் அவருடையது, கடவுச்சொல்லும் அவரிடம். "அந்த பாஸ்வேர்ட நமக்குத் தர மாட்டாராமா?" என்று மனைவி கேட்டாள். "பொன்னாடை போட்ட மனுசன்கிட்ட போயி அதையெல்லாம் கேக்கறதா?" என்று எரிந்து விழுந்தேன். "மாப்பிள்ளைக்குப் போட்டாக்கூட ரெண்டு கேள்வி கேட்டுட்டுத்தான் போடுவாங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஒருவன் என்ன செய்தான் என்று பார்த்து மரியாதை செய்வது ஒன்று. இனிமேல் செய்வான் என்று நம்பி முன்கூட்டியே மாலையைப் போட்டுவிட்டு, பிறகு வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது வேறொன்று. இரண்டாவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

வாரா வாரம் கேட்டேன். "இன்னும் வரல சார். நம்ம பிள்ளைங்களுக்கு அவ்ளோ சுலபமா குடுத்துருவாங்களா?" என்பார். தமிழ்ப் பிள்ளைகளை அரசாங்கம் ஒதுக்குகிறது என்ற நம்முடைய பழைய மனக்குறை அவருக்கு வசதியான பதிலாக இருந்தது. பிறகு ஒருநாள் பெர்மாஸ் ஜெயாவில் இருந்த தன் அலுவலகத்துக்கு எங்களை அழைத்து, ஒரு தனியார் கல்லூரியின் வண்ணத் தாள்களை விரித்தார். அங்கே ஆள் சேர்த்தால் அவருக்குத் தரகு உண்டு என்பது எனக்கு அன்று தெரியாது. நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது, பக்கத்தில் இருந்த மகள் தன் தொலைபேசியில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அது போதும், முடிவு தெரிந்துவிடும் என்று அவள் தோழி சொல்லியிருந்தாளாம். இடம் கிடைத்திருந்தது. கேட்ட அதே கணக்குப் படிப்புக்குத்தான். ஏற்றுக்கொள்வதாக உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள் போய், நான்கு நாளாகியிருந்தது.

மகள் திரையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். "அலமாக்! ஈமெயில் எங்கயாவது உள்ள போயி மாட்டியிருக்கும் லா" என்றார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. வண்ணத் தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவால்ல சார்" என்றேன். அந்த மனிதரை நான் எவ்வளவு இகழ்ந்தாலும், அந்த இரண்டு சொல்லைச் சொன்னவனை அதைவிட அதிகமாக இகழ்கிறேன். மகள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி போட்டு, மேசையில் வைத்தாள். "வாங்கப்பா, போலாம்" என்றாள்.

முறையிட்டுப் பார்த்தோம், போன இடம் போனதுதான். அவள் பள்ளிக்கே திரும்பி ஆறாம் படிவத்தில் சேர்ந்து, திரும்பவும் முதலிலிருந்து படித்து, தானே விண்ணப்பித்து அதே படிப்புக்குப் போனாள். இடையில் போன காலத்தை யார் கொடுப்பது? அவள் கிளம்பும் அன்று இந்தப் பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தப் போனேன். "அந்தாளு தோள்ல கெடந்தத எனக்கா?" என்று தள்ளிவிட்டாள். அன்றுதான் அது துவைக்கும் இயந்திரத்தின் மேல் போனது.

அந்த ஆலோசகர் இன்னும் ஊர் ஊராகத்தான் போய்க்கொண்டிருக்கிறார். போன மாதம் காஹாங்கில் கூட்டமாம், படம் வந்தது. தோளில் பச்சைப் பொன்னாடை, பக்கத்தில் என்னைப் போலவே பல்லிளிக்கும் ஒரு தகப்பன். கூட்டம் நடத்தியவர்களைத் தேடிப்பிடித்து எங்கள் கதையைச் சொன்னேன். "அவரு பெரிய ஆளு சார், மரியாத பண்ணிட்டோம்" என்றார்கள்.

இப்போது இளையவளின் முறை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். "அப்பா, யார் நம்பர் போடறது? ஒங்களுதா?" என்று கேட்டாள். "ஒன்னோடது. பாஸ்வேர்டும் ஒன்னோடது. எங்கிட்டகூட சொல்லாத" என்றேன். பின்கட்டில் இயந்திரம் உதறி உதறிச் சுற்றியதில் பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து உதறி, மறுபடி இயந்திரத்தின் மேலேயே போட்டேன். தூசி விழாமல் காக்கிறது. அதற்கு இதுவே தகுதியான தோள்.